ஆறு பேர் தங்கும் மரவீடு

என் தம்பி மான்ஹோ வோன்ஜூ நகரில் பாய்லர் பழுது பார்க்கிறான். வீட்டைச் சூடாக்கத் தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்பதை உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுவான். முப்பது வருடத்தில் ஒரு வீட்டிலும் தேவையில்லாத இடத்தில் தரையை உடைத்ததில்லை. இதைச் சொல்ல எனக்குப் பெருமைதான். சுரங்க விபத்தில் அப்பா போனபோது அவனுக்கு நான்கு வயது, எனக்குப் பதினான்கு. நான் நடுநிலைப்பள்ளியோடு நிறுத்திவிட்டுத் தையல் ஆலைக்குப் போனேன். அவனைத் தொழிற்பள்ளி வரை படிக்கவைத்தேன். படித்த படிப்புக்கு ஒரு குறையும் வைக்காமல் வேலை செய்கிறான்.

பேச மட்டும் வராது. குழாயோடு பேசுவான், மனிதர்களோடு பேசமாட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் மகள் ஆரிமுக்கு ஓர் இடம் கூடிவந்தது. இரு வீட்டாரும் முதன்முதலாகச் சந்திக்கும் சாப்பாடு, நல்ல உணவகத்தில், தனியறையில். எனக்கு அப்போது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது, போக முடியவில்லை. அவன் மனைவி இறந்து ஒன்பது வருடமாகிறது. ஆக, எங்கள் பக்கத்தில் அப்பனும் மகளும் மட்டும். இரண்டு மணி நேரத்தில் மான்ஹோ மொத்தம் பதினொரு வார்த்தை பேசினானாம். ஆரிம் எண்ணியிருக்கிறாள். பையனின் அம்மா அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் சம்பந்தம் முறிந்தது. ஆரிம் அப்பனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது இரண்டாவது இடம். பையன் பெயர் தேயுன். ஆரிம் வேலை செய்யும் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அப்பா தெற்கே நாஜூவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஜூன் மாதம் ஒரு மதியம் மான்ஹோ போன் செய்தான்.

"அக்கா, குலுக்கல்ல விழுந்துடுச்சு!"

"என்னடா விழுந்துச்சு?"

"மரவீடு. அரசாங்க வன விடுதியில மரத்தால கட்டின ஒத்த ரூம் வீடு. நாலு மாசமா போட்டுப் போட்டு இப்பதான் கிடைச்சிருக்கு. ஜூலை மூணாவது சனிக்கிழமை. பள்ளத்தாக்குல, ஓடைக்கரையிலயே. சம்பந்திங்கள அங்க வரச் சொல்லிட்டேன்."

என் கையில் இருந்த கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"யார அங்க வரச் சொன்ன?"

"சம்பந்திங்கள. முதல் சந்திப்பு அங்கதான்."

"டேய், உனக்குப் புத்தி கித்தி இருக்கா? முதல் முதலா பாக்குற சம்பந்திய ஒரே ரூம்ல, ஒரே தரையில, வரிசையா படுக்கவைக்கப் போறியா? ஒரே பாத்ரூம்டா! அந்தம்மா காலையில எந்த மூஞ்சியோட எழுந்து வருவாங்க?"

"ஓட்டல்ல உட்கார்ந்தா கேள்வி கேப்பாங்கக்கா. அங்கன்னா யாராச்சும் வெங்காயம் உரிப்பாங்க, யாராச்சும் தண்ணி பிடிப்பாங்க. என்னைப் பாக்க மாட்டாங்க."

"அவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"ஆமான்னாங்க."

"எத்தன வார்த்தையில?"

"ஒரு வார்த்தையிலதான்," என்றான்.

வேறு வழியில்லை, பட்டியல் போட உட்கார்ந்தேன். எத்தனை மெத்தை விரிப்பு, எத்தனை துண்டு, எது எந்தப் பெட்டியில். ஆண்கள் சன்னல் பக்கம், பெண்கள் சமையல் மேடைப் பக்கம், நடுவில் ஒரு திரை. திரையை நானே தைத்தேன். சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அவன் கேட்காமல் பன்றி வயிற்றிறைச்சி சுட இரும்புக் கம்பிவலையும் கரியும் வாங்கி வைத்திருந்தான். விடுதியின் விதியை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன்: காட்டுக்குள் கரி மூட்டக் கூடாது.

"சின்னதா மூட்டினா?"

"மான்ஹோ."

"சரி, சரி."

அடுத்த வாரம் ஓடையில் இறங்க என்று பிளாஸ்டிக் செருப்பு ஆறு ஜோடி வாங்கி வந்தான். ஆறும் ஒரே அளவு. அவனுடைய அளவு. திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது வந்து நின்றான். ஏதோ இருக்கிறது என்று அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"அக்கா, அவருக்கும் ஒரு அக்கா இருக்காங்களாம். சம்பந்திக்கு. அவங்கதான் வளத்தாங்களாம். அவங்களும் வரலாமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"வராம எப்படின்னேன்."

விரல் விட்டு எண்ணினேன். மான்ஹோ, நான், ஆரிம், தேயுன், அவன் அப்பா, அம்மா. ஆறு. அந்த அக்காவோடு ஏழு. மரவீட்டில் ஆறு பேருக்குத்தான் அனுமதி. ஒரு தலை கூடினாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். விடுதிக்குப் போன் செய்தேன். கைக்குழந்தையையும் ஓர் ஆளாகத்தான் கணக்கு வைப்போம் என்றாள் போனை எடுத்த பெண். மான்ஹோ பக்கத்தில் நின்றுகொண்டு, "குள்ளமா இருப்பாங்களாம்னு சொல்லு, குள்ளமா இருப்பாங்களாம்னு சொல்லு" என்று என் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தான்.

போனை வைத்துவிட்டுச் சொன்னேன்: "நான் வரல. நீங்க ஆறு பேரும் போங்க."

"அப்ப ரத்து பண்ணிடறேன்."

"என்னது?"

"நீ இல்லாம நான் போகலக்கா. போன தடவ நீ இல்ல. என்ன ஆச்சு?"

"அவங்க கடைய மூடிட்டு நாஜூல இருந்து வர்றாங்கடா! மூணு நாள் முன்னாடி ரத்துன்னா என்ன நினைப்பாங்க? ரெண்டாவது தடவ ஆரிம் எப்படித் தாங்குவா?"

அவன் தலையைக் குனிந்து என் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். என் வீட்டுத் தரையில் ஒரு கோளாறும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அவனைச் சோறு சாப்பிடச் சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஆரிமிடம் நம்பர் வாங்கி, அந்த அக்காவுக்கு நானே போன் செய்தேன். பெயர் சுன்தோக். நாஜூப் பக்கத்து இழுவையான பேச்சு. எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் படிக்க விடவில்லை அவர்.

"சம்பந்தியம்மா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்த வீட்ல ஆறு பேருதானே? தேயுன் பாத்துச் சொன்னான். நான் வரலைங்க."

"ஐயோ, நீங்க வரணும். நான்தான் வரல."

"நீங்க வராம எப்படி? உங்க தம்பி பேச மாட்டாராமே."

சுருக்கென்றது. "உங்ககிட்ட யாரு சொன்னா?"

"ஆரிம் சொல்லிட்டா. தப்பா எடுத்துக்காதீங்க. எங்க தம்பி மட்டும் என்ன? முடி வெட்டுறப்ப கண்ணாடியப் பாத்து வாய் ஓயாம பேசுவான். நேருக்கு நேர் ஒரு ஆள் உட்கார்ந்தா நாக்கு ஒட்டிக்கும். நான் வரலைன்னா அவனும் வரலையாம். அம்பத்தெட்டு வயசு!"

"எங்காளுக்கு அம்பத்திரண்டு," என்றேன்.

பிறகு அவர், "இதுங்கள வச்சுக்கிட்டு என்னதான் பண்றது சொல்லுங்க?" என்றார்.

எங்கள் யோசனை இதுதான். இருவருமே வருவதாகத் தம்பிகளிடம் சொல்வது; ஆறு பேர் விதியைக் கேட்டால், பேசிச் சரிசெய்துவிட்டோம் என்பது. இருவரும் வாசல் வரை போவது, அதற்குப் பிறகு அவர்களால் திரும்ப முடியாது. உள்ளே போகாமல், பள்ளத்தாக்கின் கீழே பஸ் நிற்கும் இடத்திலுள்ள விருந்தினர் வீட்டில் தங்கிக்கொள்வது. உள்ளே ஐந்து பேர். விதிக்கும் பங்கமில்லை. விருந்தினர் வீட்டில் ஓர் அறையை நான் பேசி வைத்தேன்.

சனிக்கிழமை விடுதி வாசலில் நான் காரிலிருந்து என் பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு குள்ளமான பெண்மணி இறங்கி, என்னைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"அக்கா, எங்க போற?" மான்ஹோவின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"கீழ. மெத்தை ரெண்டாவது பெட்டியில. திரைய முதல்ல கட்டு."

"நான் என்னக்கா பேசுவேன்?"

"எனக்கென்னடா தெரியும்?"

முன்காரின் கண்ணாடியை இறக்கி அந்தப் பக்கத்துத் தம்பியும் தன் அக்காவிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கையை வீசி, போ போ என்று விரட்டினார். காவலாளி ஐந்து தலையை எண்ணிக் கம்பத்தைத் தூக்கினார். இரண்டு காரும் மேலே ஏறிப் போயின.

மதியம் முழுக்க நாங்கள் விருந்தினர் வீட்டு அறையில் பேரிக்காய் நறுக்கித் தின்றபடி உட்கார்ந்திருந்தோம். பேசினோம் என்பதைவிட, தம்பிகளைத் திட்டினோம் என்று சொல்வது சரி. நாலரை மணிக்கு ஆரிம் போன் செய்தாள். குரலை அடக்கிப் பேசினாள்.

"அத்தை, ரெண்டு அப்பாவும் ஒரு மணி நேரமா ஓடையில கால விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஒரு வார்த்தை பேசல."

பேரிக்காய்க் கத்தியைக் கீழே வைத்தேன். "நீ போய் ஏதாவது பேச்சுக் குடேன்டி!"

"இருங்க அத்தை, சொல்லி முடிக்கறேன். இப்பதான் அவங்கப்பா தண்ணியப் பாத்துக்கிட்டே 'அக்டோபர்?' அப்படின்னாரு. எங்கப்பா 'அக்டோபர்'னாரு. அவ்வளவுதான். திரும்பவும் தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்காங்க." அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அவங்கம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க அத்தை."

"அக்டோபர்ல என்னைக்குடி?"

"அது... கேக்கலையே."

முப்பத்தோரு நாள் இருக்கிற மாதம். இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவனுக்குக்கூடக் கல்யாணம் எந்தத் தேதி என்று கேட்கத் தோன்றவில்லை. சொல்லலாம் என்று திரும்பினேன். சுன்தோக்கம்மா ஏற்கெனவே நாற்காலியில் ஏறி, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.