மேற்றனின் வாட்டில் மூட்டைப்பூச்சி

காலையிலிருந்து கொழும்பு வெள்ளவத்தை வானத்தைப் போர்விமானங்கள் கிழித்துக்கொண்டிருக்கின்றன. சுதந்திர தின ஒத்திகையாம். மேசையில் தேநீர் நடுங்குகிறது. இந்த வயதில் குனிந்து, கட்டிலுக்கடியில் எனக்கு இடம் போதுமா என்று பார்த்தேன்; சிரிக்காதீர்கள். அங்கே தூசிதான் இருந்தது. எனக்கோ பினாயில் மணத்தது.

கொட்டாஞ்சேனையில் நான் தாதிப் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியின் தலைமைத் தாதியான மேற்றன், இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா எல்லையில் இராணுவத் தாதியாக இருந்தவர். குண்டு விழுந்து எரிந்த கூடார ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர். வெள்ளைக் கைக்குட்டையால் கட்டில் கால்களைத் துடைத்துப் பார்ப்பார். கைக்குட்டை கறுத்தால் எங்கள் முகமும் கறுக்கும். ஆனால் துறைமுகத்தில் கப்பல் ஊதினாலே அவர் கைக் கிண்ணம் கிலுங்கும். பெரிய டொக்டர் அதைக் கண்டுவிட்டார்.

"இனியொருக்கா இப்பிடி எண்டால், மேற்றன், நீங்கள் வீட்டில இருக்கவேண்டியதுதான்."

வீடென்று அவருக்கு இருந்தது ஆஸ்பத்திரி மாடியில் ஓர் அறை மட்டும்.

அன்றைக்கும் ஒத்திகைதான். பெண்கள் வாட்டின் கூரைமேல் உறுமல் கேட்டதும், "எல்லாரும் கட்டிலுக்குக் கீழ!" என்று மேற்றன் கத்தினார். நடக்கக்கூடிய நோயாளிகள் விழுந்தடித்துப் புகுந்தார்கள், நானும்தான். முகத்துவாரத்து மீன்காரி சோமாவின் கால் மாவுக்கட்டோடு தூக்கிக் கட்டியிருந்தது. அவளை அசைக்க முடியாது. மேற்றன் அவள்மேல் குப்புற விழுந்து, தன் உடம்பால் மூடிக்கொண்டார்.

உறுமல் கடலுக்குப் போனது. மேற்றன் எழுந்து தொப்பியைத் தேடுகையில் வாசலில் பெரிய டொக்டர்.

"என்ன கூத்து இது?"

இத்தோடு மேற்றனின் கதை முடிந்தது என்றிருந்தேன்.

"மகுணோ, தொஸ்தர மாத்தயா!" சோமாதான் சிங்களத்தில் கத்தினாள். மூட்டைப்பூச்சியாம்!

"ஓம் டொக்டர், என்னைத் தின்னுது," என்றார் கட்டிலுக்கடியிலிருந்து யாழ்ப்பாணத்து ரீச்சர் ஒருவர். "பிடிக்கத்தான் பூந்தனாங்கள். இந்தா, ஒண்டு ஓடுது!"

வாட்டே சொறியத் தொடங்கியது.

"உங்கட வாட்டிலயோ, மேற்றன்?"

அவர் வெள்ளைக் கைக்குட்டையைக் கசக்கிப் பைக்குள் திணித்தார்.

"ஓம் டொக்டர். என்ர வாட்டிலதான்."

பின்னேரம் முழுக்க, பூச்சியே இல்லாத கட்டில்களை முற்றத்தில் போட்டுக் கொதிநீர் ஊற்றினோம். மேற்றனும் ஊற்றினார், எங்களை ஏறிட்டுப் பாராமல். ஓய்வுபெறும் வயது வரை அவரை யாரும் அனுப்பவில்லை.

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. ரீச்சர், தமிழரை அடித்துத் துரத்திய பிற்காலக் கலவரத்தோடு கப்பலேறி யாழ்ப்பாணம் போனார். சோமா எங்கேயோ.

போன வாரம் தமிழர் வீடுகளைச் சோதிக்க வந்த பொலிஸ்காரர் என்னை வாசலில் நிறுத்திவைத்து, இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று எங்கள் மாடியிலுள்ள வீடு வீடாகக் கேட்டார்கள். கதவுகள் ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல், சாத்திக்கொண்டன.