முள்ளெலியோடு குட்மேய்ஸுக்குப் போன நாள்

நகரத்தின் தெற்கு ஓரத்தில், சட்டனில், எங்கள் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் கைவிடுவதற்கு ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தது. திருத்துகிறவர் செவ்வாய்க்கு முன் வர முடியாது என்று சொல்லிவிட்டார். நானும் கணவரும் மட்டும் என்றால் போர்வைக்குள் முடங்கிச் சமாளித்திருப்போம். ஆனால் வீட்டில் மகளின் முள்ளெலி இருந்தது.

இரண்டு கைக்குள் அடங்குகிற ஆபிரிக்க முள்ளெலி அது. குளிர் பட்டால் உறங்கிவிடும், அந்த உறக்கத்திலிருந்து எழும்பாமலே போய்விடவும் கூடும். எலிக்கு இவ்வளவு சொகுசா என்று முதல் நாளே நான் சத்தம் போட்டவள்தான். ஆனால் போன வருடம் மகள் சாப்பாட்டையும் நித்திரையையும் விட்டுவிட்டு, படிப்பை நிறுத்தி வீட்டுக்கு வந்து அறைக்குள் கிடந்த மாதங்களில், அதற்குத் தீனி வைப்பதற்காகத்தான் தினமும் கட்டிலை விட்டு எழும்பினாள். எனக்காக எழும்பவில்லை. அந்தப் பிராணிமேல் எனக்குப் பொறாமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடுதான் அவள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போனாள். திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை.

நகரத்தின் மறுகோடியில், குட்மேய்ஸில் இருக்கும் கணவரின் அண்ணை வீட்டில் ஹீட்டர் நாள் முழுக்க எரியும். அங்கே கொண்டுபோவோம் என்றதும், மகள் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தாள். பூனை கொண்டுபோகும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே கம்பளித் துணி, துவாயில் சுற்றிய சுடுதண்ணிப் போத்தல் ஒரு பக்கம் மட்டும், தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், மேலே இருட்டாக ஒரு போர்வை, பெட்டிக்கு சீட் பெல்ட்.

"கார் ஓட்டம் ஒத்துக்கொள்ளாட்டிச் சத்தி எடுக்கும், அம்மா. பயப்பிடாதேங்கோ. ஸ்மெல் உள்ள சாமான் மட்டும் ஒண்டும் கிட்டக் கொண்டு போகாதேங்கோ."

ஓம் ஓம் என்றேன். ஆனால் சத்தி என்ற சொல் காதில் விழுந்ததுமே என் கை கைப்பைக்குள் போய்விட்டது. எங்கள் வீட்டில் யூக்கலிப்டஸ் தைலம் இல்லாமல் யாரும் காரில் ஏறியதில்லை. லேஞ்சித் துணியில் நாலு சொட்டு விட்டு மூக்கில் பிடித்தபடிதான் என் பிள்ளையை நான் ஊர் ஊராகக் கொண்டு திரிந்தேன். வாசலில் கணவர் காரை உறுமவிட்டு நிற்க, கம்பளித் துணியின் ஓரத்தில் மூன்றே மூன்று சொட்டு விட்டேன். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு.

கேட்ஃபோர்ட் தாண்டியதும் வாகனங்கள் ஊரத் தொடங்கின. பிளாக்வால் சுரங்கப்பாதைக்கு முன்னால் அடியோடு நின்றன. பின் சீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த நான், போர்வையை விலக்கிப் பார்த்தேன். முள்ளெலியின் வாயெல்லாம் நுரை. தலையை முதுகுப்பக்கம் முறுக்கி, நாக்கை நீட்டி, அந்த நுரையை முள்ளெல்லாம் அப்பிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, நுரை தள்ளுது! கண்ணாடியை இறக்குங்கோ!"

"என்ன நாத்தமப்பா இது? நீர் தைலம் பூசினனீரோ?"

நாலு கண்ணாடியும் இறங்கின. நான் பெட்டியின் மூடியையும் திறந்து வைத்தேன். காற்றுப் பட்டால் நஞ்சு இறங்கும் என்று யார் எனக்குச் சொன்னார்களோ தெரியாது. ஜனவரிக் காற்று காருக்குள் ஏறி இறங்க, கால்மணி நேரம் அப்படியே இருந்தோம். போனை எடுத்தேன்.

"பிள்ளைக்கு எடுக்காதையும். நாளையிண்டைக்குச் சோதனை," என்றார் கணவர்.

எடுக்காமல் வைத்தேன். அவர் சொன்னதற்காக இல்லை, தைலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டி வருமே என்ற பயத்தில்தான். சுரங்கத்துக்குள் புகையை நினைத்துக் கண்ணாடிகளை ஏற்றினோம். நுரை நின்றிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துத் தொட்டேன். முள்ளெலி சுருளவில்லை, சீறவில்லை. நான் நிமிர்த்தி வைத்த அதன் கால் பக்கவாட்டில் சரிந்தது. சுடுதண்ணிப் போத்தலைத் தடவினேன், அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

இப்போது போன் எடுக்க வேண்டும், சுரங்கத்துக்குள் தொடர்பு இல்லை. முன்னால் ஒரு லொறியின் சிவப்பு விளக்கு நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. அந்த அறைக்குள் மகள் திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது மட்டும்தான் என் கண்ணுக்குள் நின்றது.

வெளியே வந்ததும் முதலில் தெரிந்த பெட்ரோல் நிலையத்தில் காரை ஓரங்கட்டினார். மகள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நுரை தள்ளினது பிள்ளை, இப்ப அசையுதில்லை," என்றேன்.

"நுரைக்குப் பயப்பிடத் தேவையில்லை அம்மா. புது ஸ்மெல் வந்தா முள்ளெலியள் அப்பிடித்தான் நுரையை எடுத்து முள்ளில பூசுவினம். என்ன ஸ்மெல்?"

"தைலம். நான்தான் பூசினனான். பிறகு கண்ணாடியெல்லாம் திறந்து விட்டனான்."

என்னைத் திட்டு பிள்ளை, திட்டித் தீர் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"வயித்தைத் தொட்டுப் பாருங்கோ. குளிருதோ?" அவள் குரல் மெலிந்திருந்தது.

"ஓம். குளிருது."

"அந்தத் துணியை டிக்கிக்குள்ள போடுங்கோ. ஹீட்டரைப் போடுங்கோ, ஆனா முள்ளெலிக்கு நேர அடிக்கக்கூடாது. உங்கட சட்டைக்குள்ள, வயித்துத் தோலோட வையுங்கோ. மெல்ல மெல்லத்தான் சூடு ஏற வேணும்."

கோட்டையும் ஸ்வெட்டரையும் உயர்த்தி வயிற்றோடு வைத்தேன். ஐஸ் கட்டி வைத்ததுபோல் இருந்தது. கணவர் துணியை டிக்கிக்குள் எறிந்துவிட்டு வந்து, தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியைச் சுற்றி மூடினார். போனை ஸ்பீக்கரில் போட்டு முன் சீட்டில் வைத்தோம்.

"அம்மா, அசையுதோ?"

"இல்லை பிள்ளை."

கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்டாள். திரும்பவும் இல்லை என்றேன். ஒரு தடவை பொய் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அன்றைக்குச் செய்த காரியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். அரைமணி நேரம் போயிருக்கும். அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

அப்போது வயிற்றில் சுருக்கென்று குத்தியது. பிறகு ஒரேயடியாக, நூறு ஊசி ஏற்றியதுபோல், அது தன்னைச் சுருட்டிக்கொண்டது. நான் கத்திவிட்டேன்.

"என்னம்மா? என்ன?"

"குத்துது பிள்ளை! குத்துது!"

"நோகுதோ?"

"ஓம், நல்லா நோகுது."

அவள் விம்மி விம்மி அழுதாள். போன வருடம் முழுக்க என் முன்னால் ஒரு தடவைகூட அழாதவள்.

"எடுத்துப்போடாதேங்கோ அம்மா, இன்னும் கொஞ்ச நேரம் வைச்சிருங்கோ," என்றாள்.

நான் எடுக்கவில்லை.