கால் எட்டுதா?

என் தொழிலில் கேள்வி ஒன்றுதான். அதற்கு உண்மையான பதில் சொன்னவர் ஆறு வருடத்தில் ஒரே ஒருவர்.

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் இருக்கிற ஒரு பைக் ஷோரூமில் விற்பனையாளன் நான். தார் ரோடு இல்லாத இடத்திலும் ஏறி இறங்கி, நாள் கணக்கில் ஊர் சுற்றுவதற்கென்று உயரமான பைக்குகள் வருகின்றனவே, அந்தப் பக்கம் என் பக்கம். துணிக்கடையிலும் செருப்புக்கடையிலும் நின்று பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். எட்டாம் நம்பர் காலை ஆறாம் நம்பர் செருப்பில் நுழைத்துவிட்டு, "போடப் போடச் சரியாயிடும்" என்று சொல்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செருப்பு கடித்தால் கழற்றி வீசிவிடலாம். இருநூறு கிலோ வண்டி மேலே சாய்ந்தால் அப்படிக் கழற்ற முடியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. ஒரு ஆளின் உடம்புக்கு அளவாகப் பொருந்துகிற வண்டியை அந்த ஆளுக்கு விற்க வேண்டும். பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பட வேண்டும், முழுப் பாதம் இல்லாவிட்டாலும் முன்பாதமாவது. முழங்கை லேசாக மடங்கியபடி ஹேண்டில்பாரைப் பிடிக்க வரவேண்டும். மூன்றாவது இடுப்பு, அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அது தானாகவே வாயைத் திறக்கும். இதெல்லாம் பேராசையாக அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு கால் போதும்

வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். சுமாரான உயரம். கடையில் இருப்பதிலேயே உயரமான வண்டியை மட்டும் பார்த்தார். அதன் நிறம் அவருக்குப் பிடித்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் வழக்கம்போல, "கால் எட்டுதாங்க சார்?" என்று கேட்டேன். "எட்டுது" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். இடது காலின் கட்டைவிரல் டைல்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலது கால் காற்றில் இருந்தது. வண்டியோடு சேர்ந்து அவரும் இடது பக்கம் சாய்ந்திருந்தார். தார் ரோட்டில் பரவாயில்லை, கல்லும் குழியுமான இடத்தில் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே தெரியாது, அதனால் இரண்டு காலையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள் என்று பணிவாகச் சொன்னேன். விவரம் தெரியாத பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு கால் எதுக்குப்பா? சிக்னல்ல ஒரு காலைத்தானே ஊனுறோம்."

வேட்டியும் பெட்டியும்

கீழ்பென்னாத்தூர் மணிலாக்கொட்டை வியாபாரி ஒருவர் என் பேச்சைக் கேட்டுச் சின்ன வண்டியைத்தான் எடுத்தார். சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புப் பெட்டி மாட்டச் சொன்ன நிமிடம் வரைக்கும்தான். லடாக் போகிறவர்கள் மாட்டுகிற பெட்டி அது. அவர் அதிகம் போனால் சேத்துப்பட்டு வரை போவார்.

பெட்டி மாட்டிய வண்டியில் பின்பக்கமாகக் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டுமானால் இடுப்பு வளைய வேண்டும். அவருக்கு வளையாது. போதாக்குறைக்கு வேட்டி. கடை வாசல் படியில் ஏறி நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக உட்கார்ந்தார். பெட்டியைக் கழற்றிவிடலாமே என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்று மாதம் கழித்துப் பேருந்து நிலையம் பக்கம் வண்டியை நிறுத்தாமல், நகர்ந்துகொண்டே எதையோ தேடுகிற முகத்தோடு வந்தார். வண்டி எப்படி ஓடுகிறது என்று நடந்தபடியே கேட்டேன்.

"ஓடுறதுல ஒரு கொறையும் இல்ல. எறங்கத்தான் எங்கனா ஒரு கல்லு பாத்து நிறுத்தணும்."

சுவரும் நோட்டும்

கால் அளவு எடுக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கெட்டி அட்டை நோட்டு ஒன்றைக் கவட்டில் இறுக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பு சுவரில் படும் இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். கோட்டிலிருந்து தரைவரை டேப் வைத்தால் அளவு வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு எந்த வண்டி ஆகும், எது ஆகாது என்று உட்காராமலேயே சொல்லிவிடலாம். ஆனால் நோட்டை நீட்டினால் போதும், ஆண்பிள்ளைகள் முகம் மாறிவிடும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "நான் வண்டி வாங்க வந்தேன், பேண்ட் தைக்க வரல" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதைக் கேட்டு வாங்கிய ஒரே ஆள் தேன்மொழி. ஜவ்வாது மலையில் கிராமச் செவிலியர். வயது நாற்பதை நெருங்கும், உயரம் ஐந்தடிக்கு ஒரு இஞ்ச் மேல். வாரம் முழுவதும் மலையிலேயே தங்கி, சனிக்கிழமை இறங்கி வேங்கிக்கால் வீட்டுக்கு வருவார். அவர் பொறுப்பில் நான்கு சிற்றூர்கள். பஸ் போவது ஒன்றுக்குத்தான். மீதி மூன்றுக்கும் மண் பாதை. அவரிடம் இருந்த ஸ்கூட்டர் மழை பெய்தால் சேற்றில் புதைந்துவிடும், அப்புறம் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைதான். முதுகுவலி வந்துவிட்டது. மாற்றல் கேட்டுக் கீழே வந்துவிடு என்று கணவர் வீட்டில் நச்சரிக்கிறாராம். இவருக்கு அந்த மலையை விட மனமில்லை. நோட்டையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய்த் தானே அளந்துவிட்டு வந்து, "இருபத்தேழு இஞ்ச்" என்றார். பிறகு சின்ன வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

"எட்டலைங்க. எட்டுற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?"

அரை மணி நேரம்

எங்கள் மேலாளருக்கு என்மேல் இருக்கிற கோபத்துக்கெல்லாம் காரணம் இந்த அரை மணி நேரம். பத்து நிமிடத்தில் எல்லா சீட்டும் சொகுசுதான். இருபது நிமிடத்துக்கு மேல்தான் மணிக்கட்டு மரத்துப்போவதும் வால் எலும்பு வலிப்பதும் தெரியும். அதனால் வருகிறவர்களை நின்ற வண்டியிலேயே அரை மணி நேரம் உட்கார வைப்பேன்.

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஆறரை அடி வெள்ளைக்காரர் ஒருவர்தான் முதன்முதலாகச் சொன்னபடி முழுசாக உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்தன. நேரம் முடிந்ததும் இறங்கி, முதுகை நிமிர்த்தி, நன்றி சொல்லி, தனக்கு மலையைச் சுற்ற நடையே போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உடம்பு சொன்னதைக் கேட்டு முடிவெடுத்த ஒரே மனிதர். மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"உன் அரை மணி நேரத்துல ஒரு வண்டி போச்சு பாரு."

பாஷா வெட்டிய சீட்

சர்வீஸ் பகுதியில் பாஷா என்று ஒரு மெக்கானிக். என் புலம்பலைக் காது கொடுத்துக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான். தேன்மொழி விஷயத்தைச் சொன்னதும், மூலையில் கிடந்த கிழிந்த பழைய சீட் ஒன்றை எடுத்தார். மேலே இருக்கிற ஸ்பாஞ்சைச் சீவினால் மட்டும் போதாது, முன்பக்கம் இரண்டு ஓரத்தையும் ஒடுக்க வேண்டும், சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் குட்டையாகிவிடும் என்றார். இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் வெட்டினார். சின்ன வண்டியின் பின்னாலிருக்கிற ஷாக் அப்சார்பரையும் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு தேன்மொழி வேலைக்குப் போட்டுப் போகிற ஷூவோடு வந்தார். உட்கார்ந்தார். இரண்டு முன்பாதமும் தரையில் படிந்தன. முழங்கை அளவாக மடங்கியது. நான் குனிந்து ஒரு தடவை பார்த்தேன், பாஷா மறுபக்கம் குனிந்து ஒரு தடவை பார்த்தார். அரை மணி நேரம் போனது. முதுகு வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார். ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் இந்த வேலைக்கு வந்ததற்காக உள்ளபடியே மகிழ்ந்தேன். நேரம் முடிந்துவிட்டது, இறங்கலாம் என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுங்களா?"

எலுமிச்சம்பழம்

இதற்கிடையில் வங்கிக்காரர் தன் உயரமான வண்டியை டெலிவரி எடுத்தார். எங்கள் ஊரில் புது வண்டி முதலில் போகிற இடம் கோயில்தான். போட்டோ எடுத்துக் கொடுப்பதற்காக நானும் போயிருந்தேன். மாலை, சந்தனம், கற்பூரம் எல்லாம் முடிந்து, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முகம் நிறையச் சிரிப்போடு, இடது கட்டைவிரலை ஊன்றியபடி அவர் வண்டியை நகர்த்தினார்.

முன்சக்கரம் பழத்தின் மேல் ஏறி நசுக்கி இறங்கியது. அந்தச் சின்னக் குலுக்கலில் வண்டி வலது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் அவருக்குக் கால் கிடையாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மாலையோடும் சந்தனத்தோடும் வண்டி தரையில் கிடந்தது. நல்ல வேளை, அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். அவருடைய அம்மா நசுங்கிய பழத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"பழம் ரொம்ப பெருசாப் போச்சு. சின்னதா கேட்டு வாங்கியிருக்கணும்."

பழகப் பழக

அதற்கடுத்த ஞாயிறு தேன்மொழி கணவரோடு வந்தார். ஐந்தடி பத்து இஞ்ச் இருப்பார், மரியாதையாகப் பேசுகிற மனிதர். பாஷா வெட்டிய சீட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படிச் சீட்டை வெட்டி ஷாக்கை இறக்கினால் நாளைக்கு வண்டியை யார் வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டு, அதைச் சுவரோரம் வைத்தார். பிறகு வங்கிக்காரர் எடுத்தாரே, அதே மாதிரி உயரமான வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

என் வாய்க்கு என்ன கேடு வந்ததோ தெரியவில்லை. உட்கார்ந்தவரைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில், "கால் எட்டுதாங்க சார்?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பாதமும் குதிகாலோடு தரையில் படிந்திருந்தன. முழங்கை மடக்கும் முதுகின் நிமிர்வும் பயிற்சி வகுப்பில் எங்களுக்குக் காட்டிய படம் மாதிரியே இருந்தன. தேன்மொழி சுவரோரம் இருந்த சீட்டைப் பார்த்தபடி நின்றார். ஓட்டப்போவது அவங்கதானே, அவங்க உட்காரட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மேலாளர் படிவத்தோடு வந்துவிட்டார், நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது. மேடத்துக்கு உயரம் ஜாஸ்தியாக இருக்குமே என்று மட்டும், யாருக்கும் வலிக்காத குரலில், ஒரு தடவை சொன்னேன்.

"எனக்கு எட்டுதுல்ல. அவளுக்குப் பழகப் பழக எட்டிடும்."

முதல் சர்வீஸ்

வண்டி முதல் சர்வீஸுக்கு நாள் தள்ளித்தான் வந்தது. கணவர் ஓட்டிவந்தார், தேன்மொழி பின்னால் உட்கார்ந்து வந்தார். இறங்கி நடந்தபோது வலது காலை லேசாக இழுத்தார். கணவர் சர்வீஸ் பக்கம் போனதும், நாற்காலியில் உட்கார்ந்து அவராகவே சொன்னார். இரண்டாவது வாரம் ஓடையைத் தாண்டும்போது ஒரு கல் உருண்டிருக்கிறது. வண்டியை நிறுத்திக் காலை ஊன்றியிருக்கிறார், ஊன்றிய இடத்தில் தரை இல்லை. காலின் மேல் வண்டி, ஓடையில் தடுப்பூசிப் பெட்டி. ஆடு மேய்க்கிற அம்மாள் ஒருத்தி அந்தப் பக்கம் வரும்வரை அப்படியே கிடந்தாராம்.

காலில் போட்ட மாவுக்கட்டுப் பிரித்ததும் மாற்றல் வாங்கிவிட்டார். இப்போது வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறார். அந்த நான்கு சிற்றூருக்கும் இன்னும் வேறு ஆள் போடவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. கையிலிருந்த கருத்துப் படிவத்தில் இருந்த கேள்வியை அப்படியே படித்தேன்: வண்டி வசதியாக இருக்கிறதா? சர்வீஸ் பக்கம் கணவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தேன்மொழி அந்தப் பக்கம் திரும்பி, அந்தக் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவருக்கு நல்லா எட்டுதுங்க."

ஆறு வருடத்தில் ஓர் உடம்புக்கு அளவாகப் பொருந்திய வண்டியை நானும் ஒன்று விற்றுவிட்டேன், ஓட்ட வேண்டிய உடம்புதான் வேறு.