பக்கத்து மேஜை ஸ்டெல்லாவும் என் மேடு பள்ளங்களும்

ரோடு டிசைன் வேலையில் ஒரு சங்கடம்: நன்றாகப் போட்டால் யாரும் கவனிப்பதில்லை, வண்டி குலுங்கினால்தான் நம்மை நினைப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து மேஜையில் நம்மைவிடக் கெட்டிக்காரர் உட்கார்ந்திருப்பதை எப்படிப் பொறுப்பது? அனுபவித்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஆபீஸ் சிவாஜிநகரில், ஒரு துணிக்கடை மாடியில் இருந்தது. நான் வேலூர்க்காரன். என்னோடு அதே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் பிரேசர் டவுன் ஸ்டெல்லா.

மேட்டுக்கு அந்தப் பக்கம்

ஏறுகிற ரோடும் இறங்குகிற ரோடும் சந்திக்கும் உச்சியைக் கூராக விட முடியாது; வளைவாக மழுக்க வேண்டும். எவ்வளவு நீளத்துக்கு என்பதுதான் கணக்கு. எங்கள் சீஃப் ஹெக்டே சார் ஒரே மேட்டை இரண்டு பேருக்கும் கொடுத்தார். விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச நீளத்தை வைத்து, வெட்டுகிற மண்ணை மிச்சம் பிடித்து, முதல் ஆளாக நீட்டினேன். ஸ்டெல்லாவோ பஸ் பிடித்து அந்த இடத்தையே பார்த்துவிட்டு வந்தாள்.

"உச்சியைத் தாண்டினதும் ஒரு ஸ்கூல் கேட் இருக்கு சார். லாரிக்காரனுக்கு முன்னாடியே தெரியணும். அதான் நீளமா வளைச்சிருக்கேன்."

சார் என் தாளை ஓரமாக வைத்துவிட்டு, தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "நோட்றீ, இங்க பாருங்க குமார், நீங்க போட்டது கணக்கு. இந்தம்மா போட்டது ரோடு."

மிஞ்சிய மண்

அதன்பிறகு அவள் ஷீட்டில் தப்புக் கண்டுபிடிப்பதே என் தவமாகிவிட்டது. ஒருநாள் சிக்கியது. மேட்டில் வெட்டும் மண், பள்ளத்தை நிரப்பச் சரியாக இருக்க வேண்டாமா? அவள் கணக்கில் மண் மிஞ்சியது. சார் அறைக்குப் போய், வெளியே கேட்கிற குரலில் சொன்னேன்.

ஸ்டெல்லா எழுந்து வந்தாள். "கொட்டி ரோலர் விட்டா மண் அமுங்கிடும் இல்லையா? அதுக்குத்தான் கூடுதலா வெட்டச் சொல்லியிருக்கேன்."

என் ஷீட்டில் ஒரு கூடை மண்கூட மிஞ்சாதது ஞாபகம் வர, நான் நைசாக நழுவப் பார்த்தேன். சார் விடவில்லை. "உங்க ஷீட்டையும் கொண்டு வாங்க குமார், அதுல எவ்ளோ மிஞ்சுதுன்னு பார்க்கலாம்."

வீட்டில்

ராத்திரிச் சாப்பாட்டில் இதையெல்லாம் மனைவியிடம் கொட்டுவேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தது என் அசட்டுத்தனம். குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: "என் பேரை என்னைக்காவது இத்தனை தடவை சொல்லியிருக்கீங்களா?"

ஜீப்பில்

ரோடு திறந்ததும் ஜீப்பில் பார்க்கப் போனோம். முதல் பகுதி ஸ்டெல்லாவுடையது. ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்தது என்னுடையது. ஒரு மேட்டைத் தாண்டும்போது அத்தனை பேரும் சீட்டிலிருந்து எழும்பி உட்கார்ந்தோம். சார் என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்: "டயர்ல காத்து அதிகம் போல."

அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்தக் கருணைதான் எரிந்தது. ஸ்ரீராம்புரத்து டிரைவர் செல்வம் அதையும் கெடுத்தார். "காத்தெல்லாம் காலையிலதான் செக் பண்ணேன் மேடம்."

வழியனுப்பு

டீம் லீடர் பதவி அவளுக்குத்தான் போனது. சில வருஷம் கழித்து மஸ்கட்டில் வேலை கிடைத்துக் கிளம்பினாள். கேக் வெட்டிய அன்று எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள். மனசில் சந்தோஷத்தை ஒளித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க நோண்டி நோண்டிப் பார்ப்பீங்கன்னு பயந்தே ஒவ்வொரு ஷீட்டையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். அங்க எனக்கு அப்படி யார் இருக்கா குமார்?"

இப்போது அவள் நாற்காலி எனக்கே கிடைத்துவிட்டது. அதில் உட்கார்ந்து நான் செய்யும் முதல் வேலை, ஜன்னலோர மேஜையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இன்ஜினியர் என்னைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்பதுதான்.