சந்தியில் ஏறிய என் முகம்

மருதனார்மடத்தில் ஒரு புடவைக் கடையில் ஐந்து வருடம் வேலை செய்தேன். நான் நல்ல கறுப்பு. உடம்பும் கொஞ்சம் பருமன். தொலைக்காட்சி விளம்பரங்களில் கறுத்த பெண்ணுக்கு வேலையும் கிடைக்காது, மாப்பிள்ளையும் கிடைக்காது. வெளுத்த பிறகு இரண்டும் தேடி வரும். பதினாறு வயதிலிருந்தே நான் அதை நம்பி, கிறீம் கிறீமாக வாங்கிப் பூசினேன். ஒருமுறை கன்னம் எரிந்து தோல் உரிந்தும் விடவில்லை.

ஒரு தீபாவளிக்குமுன், கடை விளம்பரத்துக்குப் படம் பிடிக்க வரவேண்டிய பெண் வரவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு சிவப்புச் சீலையை உடுத்திவரச் சொன்னார். படம் எடுத்தவர் கமெராவைத் திருப்பிக் காட்டியபோது எனக்கே ஆச்சரியம். நான் வடிவாக இருந்தேன்.

அடுத்த வாரம் சந்தியில் பதாகை கட்டினார்கள். அம்மாவைக் கூட்டிப்போனேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்கை பிள்ளை உன்ரை படம்?" என்றார்.

"உதுதான் அம்மா."

என்னை வெளுக்கப்பண்ணி, இடுப்பையும் பாதியாக்கியிருந்தார்கள். பெற்ற தாய்க்கே என்னைத் தெரியவில்லை.

நேரே கடைக்குப் போனேன்.

"ஐயா, அது நானில்லை. கழட்டுங்கோ."

"எல்லாரும் உப்பிடித்தான் பிள்ளை போடுறவை. கறுப்பாய்ப் போட்டால் ஆர் வாங்குவினம்?" என்றார் முதலாளி.

"நாள் முழுக்க என்னட்டைத்தானே சனம் சீலை வாங்குது? என்ரை முகத்தைப் பார்த்திட்டு ஆரும் திரும்பிப் போகேல்லையே!"

காசு மேசையில் இருந்த அவருடைய மனைவி எழும்பினார். "நானும் கறுப்புத்தான். என்னை வைச்சுத்தானே உந்தக் கடையை நடத்துறியள்? எடுத்த படத்தை எடுத்தபடி போடுங்கோ."

நாலாம் நாள் புதுப் பதாகை ஏறியது. என் கறுப்பு, என் இடுப்பு, என் சிரிப்பு.

அதன்பிறகு கரவெட்டியிலிருந்து ஒரு தாய் தன் மகளோடு வந்தார். "கறுத்த பிள்ளையெண்டு உவளுக்கு நான் சிவப்பு எடுக்கிறேல்லை. உம்மடை படத்தைப் பார்த்திட்டு அதுதான் வேணுமெண்டு நிக்கிறாள்."

அந்தப் பிள்ளை சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்க, சிவப்பு முழுவதும் விற்றுப்போயிற்று. பொங்கல் விளம்பரத்துக்கு முதலாளி வெளியே ஆள் தேடவில்லை. கடையில் வேலைசெய்த நாங்கள் நாலு பெண்களும் வரிசையாக நின்றோம்.