விளங்காமல் ஆட்டிய தலை

நான் டென்மார்க்கில் ஹேர்னிங்கில் இருக்கிறேன். காட்டில் வாழும் சிம்பன்சிகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று நான் பிடிவாதமாக நின்றதால், மகள் என்னை உகண்டாவுக்குக் கூட்டிப்போனாள்.

காட்டுக்குள் போகமுன், வழிகாட்டியாக வந்த பெண் ஆங்கிலத்தில் நிறையச் சொன்னாள்.

"விளங்கினதோ அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"ஓம் ஓம். நான் என்ன சின்னப்பிள்ளையே?" என்று தலையாட்டினேன்.

ஒரு சொல்லும் விளங்கவில்லை. டென்மார்க்கிலும் இத்தனை வருடமாக அப்படித்தான் சமாளித்து வந்தேன்.

காட்டுக்குள் ஒரு பெரிய ஆண் சிம்பன்சி கத்திக்கொண்டு எங்கள் பக்கம் ஓடிவந்தது. எல்லோரும் அசையாமல் நின்றார்கள். நானோ ஊரில் குரங்கு கலைக்கிற மாதிரி ஊன்றுகோலை ஓங்கி, "சூ! போ அங்கால!" என்று அதட்டினேன்.

அது போகவில்லை. மயிர் சிலிர்த்துக்கொண்டு நேரே என்னை நோக்கித் திரும்பியது. வழிகாட்டி பாய்ந்து வந்து, என் கோலைக் கீழே அமத்திப் பிடித்தபடி எனக்கு முன்னால் நின்றாள். அது எங்களை உரசுமாப்போல் ஓடிப்போய், ஒரு மரத்தில் படாரென்று அடித்துவிட்டு மறைந்தது.

மகள் அழுதுவிட்டாள். "கோலை ஓங்கக் கூடாதெண்டு அவ முதலே சொன்னவ எல்லோ!"

"எனக்கு விளங்கேல்லைப் பிள்ளை" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

இப்போது டொக்டரிடம் போனாலும், கொம்யூன் எண்டு சொல்லுற நகரசபையிலிருந்து ஆள் வந்தாலும், "திரும்பச் சொல்லுங்கோ" என்று டேனிஷில் கேட்கிறேன். அவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தால் பார்க்கட்டும். விளங்கும்வரை நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை.