இந்தியாவைப் பார்த்து நின்ற அன்டெனாக்கள்

எனக்கு அப்போது ஒன்பது வயது. இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் கரண்ட் வேலை பார்த்தார். துரையின் பெரிய வீட்டில் பழுதாகிக் கிடந்த ஒரு கறுப்பு வெள்ளை டிவியைக் கேட்டு வாங்கி வந்து, இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டி, கார் பெட்டரியில் ஓட வைத்துவிட்டார்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒரு கம்பியை நீட்டினாலே வந்துவிடும். அப்பாவுக்கு அது போதவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு மலையில் பெரிய கோபுரம் கட்டியிருக்கிறார்கள், உயரமான இடமாக இருந்தால் இந்தியாவும் விழும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அலுமினியக் குழாய்களை அறுத்து ஓர் அன்டெனா செய்து வீட்டுக்குப் பின்னால் இருந்த சவுக்கு மரத்தில் கட்டினார். திரையில் மழை பெய்தது. மழைக்கு நடுவே யாரோ தமிழில் பேசினார்கள். அதே அளவில் இன்னொன்று செய்து அதற்குக் கீழே கட்டி, இரண்டின் வயரையும் ஒன்றாகச் சேர்த்தார். இருந்த படமும் போய்விட்டது. ஒரு வாரம் மண்டையை உடைத்த பிறகுதான் பிடிபட்டது: இரண்டு வயரும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒரு முழம் கூடினால் ஒன்று வாங்கியதை மற்றது அழித்துவிடும். அளந்து வெட்டினார். மழை விட்டது. செய்தி வாசிக்கும் பெண்ணின் மூக்குத்திகூடத் தெரிந்தது.

அம்மாதான் அதிகம் பார்த்தாள். வயலும் உரமும் பற்றிய நிகழ்ச்சியைக்கூட விடமாட்டாள். அவளுடைய அக்கா குடும்பம் இந்தியப் பிரஜாவுரிமை வாங்கிக்கொண்டு போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. கூட்டத்தைக் காட்டினால் போதும், அம்மா திரைக்குப் பக்கத்தில் போய்விடுவாள்.

அது இந்தியச் சாமான் விற்கக்கூடாது என்று சுவர்களில் எழுதி வைத்த காலம். மீறிய கடைக்காரர்களைச் சுட்டுப் போட்ட அந்தச் சிங்கள இளைஞர் இயக்கத்தின் பெயரைப் பெரியவர்கள் சத்தமாகச் சொல்லவில்லை. அந்தக் குழப்பத்தில் பள்ளிக்கூடம் மூடியே கிடந்ததால் எனக்குக் கொண்டாட்டம். ஒருநாள் அம்மா கொழுந்தெடுக்கப் போயிருந்தபோது, வாசலில் இரண்டு இளைஞர்கள் வந்து நின்றார்கள். ஒருவன் மரத்தைக் காட்டி, இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அதைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? இந்தியா பார்க்க என்றேன். ஒன்று போதாது, இரண்டையும் சேர்த்தால்தான் தெளிவாக விழும், அப்பாவே செய்தது என்று வயர் நீளம் வரைக்கும் விளக்கினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். தலையில் இருந்த கூடையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

அப்பா வேலை முடிந்து வந்ததும், "என்னாங்க, மொதல்ல அத கழட்டுங்க" என்றாள். தேநீர்கூடக் கொடுக்கவில்லை. இருட்டுவதற்குள் அப்பா மரத்தில் ஏறி இரண்டையும் இறக்கி விறகுக்கு அடியில் ஒளித்து வைத்தார். அதன் பிறகு நாய் குரைத்தால் அம்மா சமையலை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். என்னிடம் யாரும் கோபப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் மறுபடியும் வந்தார்கள். வெறும் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்கள். அப்பா விறகை விலக்கி அன்டெனா இரண்டையும் எடுத்தார். ஒரு சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் போய்ட்டு வாறேன்" என்றார். மூன்று பேரும் தேயிலைக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, பனிமூட்டத்துக்குள் போய்விட்டார்கள்.

அம்மா கதவைச் சாத்தினாள். றங்குப்பெட்டியைத் திறந்து என் சட்டைகளையும் தன் சேலை இரண்டையும் ஒரு பைக்குள் அடைத்தாள். அடையாள அட்டையையும் என் பிறப்புச் சான்றிதழையும் துணியில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

"நோர்வூட் அத்தை வீட்டுக்கா போறோம்மா?"

"ஆமாம்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அத்தை வீட்டில் என் வயதில் மூன்று பேர் இருந்தார்கள். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். பஸ் போய்விடும், பஸ் போய்விடும் என்று அம்மாவை நச்சரித்தேன். அப்பா வரட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு அப்பா வந்தார். கையில் ஒரு பலாக்காய். ஓடைக்கு அப்பால் கிராமத்தில் அந்த இருவரில் ஒருவனின் வீடாம். இந்தியாவில் நடக்கும் கிரிக்கெட் பார்க்க வேண்டுமாம். வெளியே கட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூரைக்குள்ளேயே கட்டித் தரச் சொன்னார்களாம்.

"நம்மளவிட அவங்களுக்குத்தான் பயம்" என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி மெல்ல உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் பெட்டியில் அடுக்கினாள்.

அப்பா ஏன்தான் இவ்வளவு சீக்கிரம் வந்து தொலைத்தாரோ என்று நான் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.